புளி போட்டு விளக்கிய நாலு நாணயங்கள்

நாணயக் காட்சிக் கூடத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் மூன்று பேருக்கும் பயன்படும்படி ஏதாவது எழுதித் தாருங்கள் என்று கல்லூரி முதல்வர் கேட்டார். ஓய்வு பெற்ற காப்பாளரிடம் எல்லோரும் கேட்பதுதான். எடை போடுவது எப்படி, பதிவேட்டில் ஏற்றுவது எப்படி, அலமாரியில் ஈரம் தங்காமல் பார்த்துக்கொள்வது எப்படி என்றெல்லாம் நான் எழுதப்போவதில்லை. அதற்குப் புத்தகங்கள் இருக்கின்றன, உங்களுக்குக் கண்ணும் இருக்கிறது. நான் சரியாகச் செய்த காரியங்களையும் எழுதப்போவதில்லை. அவற்றைப் பிரிவு உபசார விழாவில் தேவைக்கு மேலேயே பேசிவிட்டார்கள். நான் ஊர் நடுவில் ஒரு மனிதரைப் பொய்யர் ஆக்கிய கதையை எழுதுகிறேன். கடைசியில் நல்லபடியாகத்தான் முடிந்தது, பயப்படாமல் படிக்கலாம்.

பத்து வருடத்துக்கு முன் நடந்தது. அப்போது மாவட்டத்தில் எனக்குப் 'போலி பிடிக்கிற மேடம்' என்று ஒரு பெயர் இருந்தது. வளைகுடாவிலிருந்து விடுமுறைக்கு வந்த ஓர் இன்ஜினியர், பெரிய தொகை கொடுத்து வாங்கிய இந்தோ-கிரேக்க வெள்ளி நாணயம் ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். ராஜாவின் தலைமுடி இழை இழையாகத் தெரிந்தது. அத்தனை அழகு. விளிம்பில், அடிக்காமல் உருக்கி வார்த்த போலிக்கு வரும் ஒட்டுக்கோடு இருந்ததை நான்தான் கண்டுபிடித்துச் சொன்னேன். செய்தித்தாளில் வந்தது, என் படமும் வந்தது. அதற்குப் பிறகு கொஞ்ச காலம் எனக்குத் தலை கனத்துப்போய்த்தான் இருந்தது. இதைச் சொல்ல இப்போது எனக்கு வெட்கமில்லை.

அந்த ராஜாக்களைப் பற்றி உங்களில் இலக்கியம் படித்துவிட்டு வந்தவருக்காக இரண்டு வரி. அலெக்சாந்தர் வந்துபோன பிறகு வடமேற்கில் கிரேக்க அரசர்கள் இருநூறு வருடம் போல ஆண்டார்கள். ஆரம்பத்தில் அவர்கள் அடித்த வெள்ளிக் காசுகள் உலகத்திலேயே அழகானவை. கடைசி அரசர்கள் காலத்தில் நாடு பஞ்சாபின் ஒரு மூலைக்குச் சுருங்கிப்போயிற்று. வெள்ளியில் செம்பு கூடியது. அச்சு வெட்டியவர்களுக்குக் கிரேக்கம் தெரியவில்லை, பழைய காசைப் பார்த்து எழுத்துகளைப் படமாக வரைந்தார்கள். ராஜாவின் கண் ஒரு குமிழ், மூக்கு ஒரு கோடு, கன்னம் பல் போனவர் கன்னம். நான் அந்தக் கடைசிக் காலத்துக் காசுகளைப் புத்தகத்தில் மட்டுமே பார்த்திருந்தேன். கையில் தொட்டதே இல்லை. இது எனக்கே தெரியும், ஆனால் யாரும் கேட்காததால் நானும் சொல்லவில்லை.

கருங்கல் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு கிறிஸ்தவ சபையில் ஆலயம் கட்டியதன் ஆண்டு விழா. பழைய பொருள்களையெல்லாம் வீடுகளிலிருந்து வாங்கிக் கண்காட்சி வைத்திருந்தார்கள். தோல் அட்டை போட்ட ஞானப்பாட்டுப் புத்தகங்கள், சாவி கொடுக்கும் கடிகாரம், யாரோ ஒரு போதகரின் குடை. நான் சிறப்பு விருந்தினர். ஒவ்வொரு மேசையிலும் நின்று நாலு வார்த்தை சொல்ல வேண்டுமென்று கையில் ஒரு வயரில்லாத மைக்கைக் கொடுத்துவிட்டார்கள். கையில் மைக் இருக்கிறவருக்குத் தெரியாத விஷயம் உலகத்தில் உண்டா?

கடைசி மேசையில் விறைப்பாக ஒருவர் நின்றார். பெயர் ஞானசிகாமணி. ராணுவ மருத்துவமனைகளில் நர்சிங் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரில் பட்டாளக்காரர் என்றால் அவர்தான். முன்னால் விரித்த வெள்ளைக் கைக்குட்டையில் நாலு சின்ன வெள்ளிக் காசுகள். சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரியவை. பக்கத்தில் ஓர் அட்டையில் 'கிரேக்க ராஜாக்களின் காசு. ஜம்மு. அன்பளிப்பு' என்று முத்து முத்தாக எழுதியிருந்தார்.

"மேடம், இது ஜம்முல டூட்டில இருந்தப்போ ஒரு வெவசாயி எனக்குத் தந்ததாக்கும். அவனுக்க காலுல..." என்று ஆரம்பித்தார்.

நான் அதற்குள் ஒரு காசைக் கையில் எடுத்துவிட்டேன். பளபளவென்று வெளுத்திருந்தது, நேற்றுக் கடையில் வாங்கியதைப் போல. மண்ணில் கிடந்த வெள்ளிக்கு வரும் கறுப்பு எங்கேயும் இல்லை. முகம் மழுங்கியிருந்தது, எழுத்துகள் எழுத்துகளாகவே இல்லை. எடையும் குறைவாகப் பட்டது. நாலையும் புரட்டிப் பார்க்க எனக்கு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. பின்னால் ஊர் முழுக்க நின்றது.

"இவை பழைய நாணயங்கள் அல்ல. சந்தையில் விற்கும் நகல்கள். இருந்தாலும் ஐயா இத்தனை வருடம் பத்திரமாக வைத்திருந்தது பாராட்டத்தக்கது" என்றேன். மைக்கில்தான் சொன்னேன். அந்தப் பாராட்டுதான் இன்னும் மோசம், யோசித்துப் பாருங்கள்.

முதலில் ஒரு சிரிப்பு, பிறகு பல சிரிப்பு. சைக்கிள் கடை வைத்திருந்த ஒருவர் பின்னாலிருந்து, "பட்டாளக்காரரே, நாப்பது வருசமா இந்தக் கதயச் சொல்லில்லா எங்கள ஏமாத்திப்போட்டீரு!" என்றார். மறுபடி சிரிப்பு. ஞானசிகாமணி எதுவும் வாதாடவில்லை. "செரி மேடம்" என்றார். நாலு காசையும் கைக்குட்டையில் முடிந்து சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, அட்டையைக் கவிழ்த்து வைத்தார். நான் போய் சபையின் அசன விருந்தில் உட்கார்ந்து சோறும் ஆட்டுக்கறியும் இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். ஒரு உறுத்தலும் இல்லை.

பத்து நாள் போயிருக்கும். காலையில் கூடத்தைத் திறந்து உட்கார்ந்தபோது ஒரு பெண் வந்தாள். சுகாதார நிலையத்தில் நர்ஸ், பெயர் லில்லிபாய். ஞானசிகாமணியின் மகள் என்று சொன்னாள். நாற்காலியைக் காட்டினேன், உட்காரவில்லை. பையிலிருந்து பழுப்பேறிய பேண்டேஜ் துணிச் சுருள் ஒன்றை எடுத்து மேசையில் வைத்தாள்.

"அப்பாக்க டிரங்குப் பெட்டில இதொண்ணு அடியில கெடந்துச்சு மேடம். ஒங்ககிட்ட குடுக்கச் சொன்னாரு."

"எதுக்கு?"

"போலி எப்பிடி இருக்கும்னு படிக்குத பிள்ளைகளுக்குக் காட்ட ஒதவும்லா, அதுக்கு."

என் முகத்தைப் பார்த்து ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள். அப்பா இப்போது ஆலயத்தில் கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்து, ஆசீர்வாதம் கூறுமுன்பே எழுந்து போய்விடுகிறாராம். டீக்கடைப் பக்கமே போவதில்லையாம். வீட்டிலும் ஜம்முவைப் பற்றி ஒரு பேச்சும் இல்லையாம். "எங்களுக்கு அந்தக் கத கேட்டுக் கேட்டு மடுத்துப் போச்சுதான். ஆனா இப்பம் சொல்லமாட்டாரான்னு இருக்கு" என்றாள்.

துணியைப் பிரித்தேன். ஐந்தாவது காசு. சாம்பல் கறுப்பாக, எழுத்துகளின் இடுக்கில் செம்மண் இறுகி, பச்சைப் புள்ளிகள் படிந்து இருந்தது. லென்ஸை எடுத்தேன். மண்ணைப் பசை போட்டு ஒட்டுகிற ஆட்கள் உண்டு, அது மேலே மேலே நிற்கும். இது உலோகத்திலிருந்தே வளர்ந்ததைப் போல இறுகியிருந்தது. கண் ஒரு குமிழ், மூக்கு ஒரு கோடு. புத்தகத்தில் பார்த்த அதே முகம்.

வடக்கே ஓர் அருங்காட்சியகத்தில் வேலை பார்த்த ஒருவர் எனக்குக் கடிதத்திலும் தொலைபேசியிலும் நிறையச் சொல்லித் தந்திருக்கிறார். கடைசி வரை நேரில் பார்த்ததில்லை. "அந்தக் கடைசி ராஜாக்களின் காசு அழகாக இருந்தால் எழுந்து ஓடு, அசிங்கமாக இருந்தால் உட்கார்ந்து பார்" என்று ஒரு தடவை சொன்னார். நோட்டுப் புத்தகத்தில் அடிக்கோடு போட்டு எழுதி வைத்திருந்தேன். கருங்கலில் நான் உட்காரவே இல்லை.

"அந்த நாலும் ஏன் இப்படி இல்லை? பளபளன்னு இருந்ததே?" என்று கேட்டேன்.

லில்லிபாய் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "நாந்தான் புளியும் சாம்பலும் போட்டு வெளக்குனேன். ஆலயத்துல வைக்குத சாமானுல்லா, பின்ன அழுக்கோட கொண்டு வைக்க முடியுமா?"

நானும் இந்த மாவட்டத்துக்காரிதான். பண்டிகைக்கு முந்தின வாரம் வீட்டில் விளக்கு, கிண்ணம், தட்டு என்று கண்ணில் பட்டதையெல்லாம் புளி போட்டுத் தேய்த்து வளர்ந்தவள். நாலு பேர் பார்க்க வைக்கும் பொருளை இங்கே யாரும் விளக்காமல் கொண்டுவர மாட்டார்கள். அது எனக்குத் தெரியாதா? மேலே இருந்த கறுப்பெல்லாம் போய் உள்ளே இருந்த வெள்ளை வெளியே வந்திருக்கிறது. 'இதைக் கழுவினீர்களா' என்று ஒரு கேள்வி. அதை நான் கேட்கவில்லை.

"அந்த நாலும் இப்போ எங்கே?"

"இண்ணைக்குக் காலத்த அப்பா ஆசாரி கடைக்குக் கொண்டு போனாரு. தம்பிக்குப் பொம்பளப் பிள்ள பெறந்திருக்கு. போலியானாலும் வெள்ளி வெள்ளிதானே, உருக்கிக் கொலுசுக்குச் சேத்துக்கிடலாம்னு."

இனி நான் சொல்லப்போவதைக் கவனமாகப் படியுங்கள். அந்த நிமிடத்தில் எனக்கு எதுவும் நிச்சயமாகத் தெரியாது. ஐந்தாவது காசு நல்லதாகத் தோன்றியது, அவ்வளவுதான். மற்ற நாலும் உண்மையிலேயே நகல்களாக இருக்கலாம். போன் செய்து நிறுத்தச் சொல்லி, பிறகு அவை போலியென்றே ஆகிவிட்டால் அந்த மனிதரை இரண்டாம் தடவை சிரிப்புக்கு ஆளாக்கியவள் ஆவேன். என் பெயர் போவதைப் பற்றியும் நினைத்தேன், இல்லையென்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் உருக்கியதைத் திருப்பி வாங்க முடியாது, சொன்ன சொல்லைத் திருப்பி வாங்கலாம். கணக்கு அத்தனை எளிது. லில்லிபாயிடம் நம்பர் வாங்கி ஆசாரிக்குப் போன் போட்டேன்.

"நாணயக் கூடத்துல இருந்து பேசுறேன், நிறுத்துங்க. அந்தக் காசுகளை உருக்காதீங்க."

"மேடம், நீங்கதானே போலின்னு சொன்னிய?" என்றார் ஆசாரி.

"சரியாப் பாக்காமச் சொல்லிட்டேன். உருக்கிட்டீங்களா?"

"அடுப்பு இப்பந்தான் காயுது. ஆனா ஒண்ண வெட்டிப் பாத்துட்டேன். உள்ள என்ன கெடக்குன்னு பாக்கணும்லா. ஒரு காரியம் சொல்லட்டா? வெள்ளின்னா கத்திரி வச்சா வளஞ்சு குடுக்கும். இது பப்படம் மாதி ஒடிஞ்சுல்லா போச்சு. எனக்க கையில இப்பிடி ஒரு வெள்ளி வந்ததே இல்ல."

செம்பு கலந்த வெள்ளி பல நூற்றாண்டு மண்ணில் கிடந்தால் உள்ளுக்குள் இற்றுப்போய் நொறுங்கும். இதை நான் படித்திருந்தேன். அந்த மனிதர் ஒரு வெட்டில் தெரிந்துகொண்டார். நான் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் போன் கை மாறிவிட்டது.

"நீங்க அண்ணைக்குச் சொன்னது நெசமா, இப்பம் சொல்லுகது நெசமா?" ஞானசிகாமணியின் குரலில் கோபம் இல்லை. டாக்டரிடம் கேட்பதைப் போலக் கேட்டார்.

"எனக்கு இப்போ தெரியாது ஐயா. அன்னைக்கும் தெரியாது, தெரிஞ்ச மாதிரி சொல்லிட்டேன். தெரிஞ்சுக்க வர்றேன். அதுவரை எதையும் செய்யாதீங்க."

"செரி. வாருங்க" என்றார்.

முப்பது வருட வேலையில் 'எனக்குத் தெரியாது' என்று ஒருவரிடம் வாய் திறந்து சொன்னது அதுதான் முதல் தடவை. சொன்னால் நாற்காலி பறிபோய்விடும் என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன் போல. ஒன்றும் ஆகவில்லை.

லில்லிபாயோடு பஸ் ஏறிக் கருங்கல் போனேன். வழி முழுக்க அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தாள். ஆசாரி கடை பெஞ்சில் மூன்று முழுக் காசையும் இரண்டு துண்டுகளையும் ஒரு கிண்ணத்தில் போட்டு வைத்திருந்தார்கள். இந்தத் தடவை நான் உட்கார்ந்தேன். எந்த ஊர், யார் நிலம், எதில் சுற்றிக் கொண்டுவந்தார், எத்தனை வருடம் பெட்டியில் இருந்தது, மகள் விளக்குவதற்கு முன் என்ன நிறம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். அவர் ரிப்போர்ட் கொடுப்பதைப் போலச் சுருக்கமாகப் பதில் சொன்னார். ஏர் உழும்போது மண்ணில் வந்த காசு என்றும், பேண்டேஜ் துணியில் சுற்றியே வைத்திருந்ததாகவும் சொன்னார்.

மூன்று காசில் ஒன்றை ஐந்தாவதன் பக்கத்தில் வைத்தபோது எனக்குக் கிடைக்க வேண்டியது கிடைத்தது. இரண்டிலும் ராஜாவின் மூக்கிலிருந்து ஒரே மாதிரி ஒரு கீறல் ஓடியது. அச்சில் விழுந்த விரிசல் அது. ஆனால் ஒன்றில் முகம் நடுவில் இருந்தது, மற்றதில் பாதி வெளியே நழுவியிருந்தது. ஞானசிகாமணிக்கும் ஆசாரிக்கும் இப்படிச் சொன்னேன்: ஜெராக்ஸ் எடுத்தால் தாளின் ஓரம் வரைக்கும் ஒன்று போலவே வரும். ரப்பர் ஸ்டாம்பு குத்தினால் ஒரு தாளில் நடுவே விழும், இன்னொன்றில் ஓரத்தில் விழும், ஸ்டாம்பு மட்டும் ஒன்றுதான். போலி வார்க்கிறவர்கள் ஜெராக்ஸ் எடுக்கிறார்கள். இது ஸ்டாம்பு. மண்ணோடு இருக்கும் காசையும் புளி போட்ட காசையும் ஒரே கை, ஒரே அச்சால் அடித்திருக்கிறது.

"அப்பம் நல்ல காசா?" என்றார் ஆசாரி.

"நல்ல காசு. இருந்தாலும் இன்னொருத்தர் பாக்கட்டும்" என்றேன். என் வாயை நான் கட்டிப்போடப் பழகிக்கொண்டிருந்தேன்.

வடக்கே இருந்தவருக்குப் படங்கள் அனுப்பினேன். இரண்டு வாரம் கழித்துப் பேசினார். இந்தோ-கிரேக்க அரசர்களிலேயே கடைசி ஆள் என்று சொல்லத்தக்க ஸ்ட்ராட்டோவின் காசுகள் என்றார், சந்தேகமே இல்லை. நான் செய்த காரியத்தையும் மறைக்காமல் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, தானும் ஒரு தடவை இதே ராஜாவைக் குப்பையில் போடப்போனதாகச் சொன்னார். அதைக் கேட்டு எனக்கு உண்டான ஆறுதலை எழுதத் தெரியவில்லை. நிலத்தில் கிடைத்த புதையலுக்கான சட்டத்தைப் பற்றிக் கேட்பீர்கள். அதற்கான கடிதங்களை எழுதி அனுமதி வாங்கினோம், கோப்பில் இருக்கிறது, படித்துக்கொள்ளுங்கள்.

சபைச் செயலாளர் நல்ல மனிதர். சங்கடமில்லாமல் முடித்துவிடலாம் என்று, மாத இதழில் ஒரு சிறு குறிப்பு போட்டுவிடுகிறோம் மேடம் என்றார். மைக்கில் சொன்னதை மைக்கில்தான் திருத்த வேண்டும் என்றேன். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஆயர் எனக்கு ஐந்து நிமிடம் தந்தார். வகுப்பில் ஆயிரம் தடவை பேசியவள், அன்றைக்கு எழுதி வைத்து வாசித்தேன்.

"அன்று ஐயாவின் காசுகளைப் போலி என்று சொன்னேன். அது தவறு. அவை இரண்டாயிரம் வருடப் பழமையானவை. நான் சரியாகப் பார்க்கவில்லை, கேட்க வேண்டியதைக் கேட்கவில்லை, தெரியாததைத் தெரிந்ததாகச் சொன்னேன். அதனால் ஒரு காசு இரண்டாக உடைந்தது. அவரைப் பார்த்து நீங்கள் சிரித்தது என்னால்தான். ஐயா, என்னை மன்னிக்க வேண்டும்."

சைக்கிள் கடைக்காரர் எழுந்தார். "அப்பம் பட்டாளக்காரரு சொன்ன கத நெசந்தானா மேடம்?"

"காசு உண்மை. கதையை அவர்கிட்டேயே கேளுங்க, நானும் முழுசாக் கேட்டதில்லை."

ஞானசிகாமணி கடைசி பெஞ்சிலிருந்து மெதுவாக நடந்து வந்தார். மைக்கை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

"உழும்போ கொழு எதுலயோ தட்டித் தெறிச்சு அவனுக்க காலுல பாஞ்சிட்டு. கொழு தட்டினது இந்தக் காசு கெடந்த பானையில. காலு அழுகி, முட்டுக்குக் கீழ எடுக்கணும்னு டாக்டர் சொன்னாரு. ரெண்டு நாளு பொறுங்க சார், நான் கெட்டிப் பாக்கட்டும்னு கேட்டேன். ரெண்டு நாளு ரெண்டு மாசம் ஆச்சு. தெனமும் நடந்து போய்க் காயத்தக் கழுவிக் கெட்டினேன்." நிறுத்தி எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். "நாப்பது வருசமா இந்தக் கதயச் சொல்லுகேன். காசு எவ்வளவு பெறும்னு கேட்டிய. எந்த ராஜான்னு கேட்டிய. மேடம் என்ன துணியில சுத்துனன்னு கேட்டாங்க. அந்த மனுசன் நடந்தானான்னு இதுவரைக்கும் ஒருத்தரும் கேக்கலயே."

முன் வரிசையில் தம்பியின் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டிருந்த லில்லிபாய்தான் கேட்டாள், அழுதுகொண்டே.

"நடந்தாராப்பா?"

"நடந்தான் மக்கா. நான் மாறிப் போற அண்ணைக்கு லாரி பொறத்தால ரோடு முக்கு வரைக்கும் நடந்து வந்தான். அங்க வச்சுத்தான் காச எனக்க கையில தந்தான்."

சைக்கிள் கடைக்காரர்தான் முதலில் கை தட்டினார். ஆலயத்துக்குள் கை தட்டும் வழக்கம் அங்கே இல்லை. ஆயரும் தட்டினார்.

ஐந்து காசையும் ஞானசிகாமணி நம் கூடத்துக்கே தந்துவிட்டார். அந்தக் குழந்தைக்குக் கொலுசு நான் வாங்கிக் கொடுத்தேன், அதே ஆசாரியிடம். இரண்டாவது அறையில் ஜன்னல் பக்கத்துப் பெட்டியில் மண்ணோடு ஒன்று, பளபளப்பாக மூன்று, உடைந்தது ஒன்று என்று வைத்திருக்கிறேன். அவருக்கு இப்போது எண்பதை நெருங்குகிறது. பள்ளிப் பிள்ளைகள் வரும் நாளில் சொல்லி அனுப்பினால் இன்றைக்கும் பஸ் ஏறி வந்துவிடுவார். சொல்லி அனுப்புங்கள்.

பெட்டியின் கீழே ஓர் அட்டை இருக்கிறது, என் கையெழுத்தில் மூன்று வரி. முதல் வரியில் அரசர் பெயரும் உலோகமும். இரண்டாம் வரியில், இவை முதலில் இந்தக் கூடத்தின் காப்பாளரால் போலி எனத் தவறாக அறிவிக்கப்பட்டவை என்று. மூன்றாம் வரி நாணயவியலுக்குச் சம்பந்தமில்லாதது, எடுத்துவிடலாமா என்று உங்களில் ஒருவர் சென்ற வாரம் கேட்டீர்கள். அட்டையைப் புதிதாக அச்சடித்துக்கொள்ளுங்கள், என் கையெழுத்து கோழி கிண்டியதைப் போலத்தான் இருக்கும். ஆனால் மூன்றாம் வரியில் கை வைக்காதீர்கள்.

'காயம் ஆறி, அந்த விவசாயி நடந்தார்.'